பாதையா, பாலமா? இரசாயன நரம்பிணைப்பும் மின் நரம்பிணைப்பும்: எந்த வேலைக்கு எது

ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்துக்குச் சைகையைக் கையளிக்கும் இடமே நரம்பிணைப்பு. ஒரு பொருளைக் கொட்டிக் கையளித்தால் இரசாயன இணைப்பு, குழாய் வழியே மின்னோட்டத்தை நேரே விட்டால் மின் இணைப்பு. இதைப் பற்றி உயர்தர உயிரியலில் பிள்ளைகள் அடிக்கடி தடுக்கி விழும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு விலங்கின் நடத்தையை நாலு வரியில் சொல்லிவிட்டு, ‘இந்தச் சுற்றில் இருக்கக்கூடியது இரசாயன நரம்பிணைப்பா, மின் நரம்பிணைப்பா? காரணம் தருக’ என்று கேட்பார்கள். பெரும்பாலும் வரும் விடை ஒரே வரிதான்: மின் இணைப்பு வேகமானது, தெறிவினைக்கு வேகம் வேண்டும், ஆகவே மின் இணைப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பிழை. முழங்காற் சிரட்டைக்குக் கீழே தட்டினால் கால் உதறுகிறதே, அந்தத் தெறிவினையின் வழியில் முண்ணாணுக்குள் இருப்பது ஒரே ஓர் இணைப்பு. அது இரசாயன இணைப்பு. நரம்பு தசையைத் தொடும் இடத்தில் இருப்பதும் அதுவே.

திருகோணமலைக்காரருக்கு இதை விளங்கப்படுத்தக் கிண்ணியாத் துறை ஒன்றே போதும். 2009இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். (வெளியூர் வாசகருக்கு: இங்கே பாதை என்றால் தெரு அல்ல, ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை.) பாதை காத்திருக்க வைக்கும்; பாலத்தில் நிற்காமல் போகலாம், இரு பக்கமும் ஒரே நேரத்தில் போகலாம். இரசாயன இணைப்பைப் பாதைக்கும் மின் இணைப்பைப் பாலத்துக்கும் ஒப்பிடலாம், ஓர் இடம்வரைதான். பாதையில் இக்கரையில் ஏறிய அதே ஆள் அக்கரையில் இறங்குவார். இரசாயன இணைப்பில் அப்படி நடப்பதில்லை. சைகையை அனுப்பும் முன்கலத்தின் மின்னோட்டம் இக்கரையோடு முடிந்துபோகிறது. அக்கரையில் அதை வாங்கும் பின்கலம் தன் சொந்த மின்கலத்திலிருந்து, அதாவது தன் மென்சவ்வின் இரு புறமும் உள்ள அயன் வேறுபாட்டிலிருந்து, புதிதாக ஒரு மின்னோட்டத்தை எழுப்புகிறது. கடந்து போவது ஆள் அல்ல, கடிதம். கீழே வரும் வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, கம்பியின் நீளம். வேகம் என்று சொல்லும்போது பலரும் இணைப்பை மட்டும் பார்க்கிறார்கள். மொத்தப் பயணத்தில் இணைப்பு தின்னும் நேரம் எத்தனை பங்கு என்பதே கேள்வி. முழங்கால் தெறிவினையில் தொடைத்தசையிலிருந்து முண்ணாணுக்கு ஏறக்குறைய அரை மீற்றர், திரும்பிவர இன்னோர் அரை மீற்றர். கணத்தாக்கம் (நரம்பில் ஓடும் மின்சைகை) செக்கனுக்கு 60 மீற்றர் ஓடினால் இதற்கே 17 மில்லிசெக்கன் போய்விடும். முண்ணாணில் உள்ள இணைப்பின் தாமதம் 1 மில்லிசெக்கனுக்கு உட்பட்டது. அதை முற்றாக நீக்கினாலும் மிச்சப்படுவது இருபதில் ஒரு பங்குதான். இப்போது பத்துச் சென்ரிமீற்றர் இறாலை எடுங்கள். பெனேயிட்டுக் குடும்பத்து இறால்களின் இராட்சத நார்களில் கணத்தாக்கம் செக்கனுக்கு 90 மீற்றரைத் தாண்டி ஓடுவதை அளந்திருக்கிறார்கள்; சந்தையில் வாங்கும் புலி இறாலும் அந்தக் குடும்பம்தான். அந்த வேகத்தில் உடல் முழுதும் ஓட 1 மில்லிசெக்கன் போதும். இடையில் ஒரே ஓர் இரசாயன இணைப்பு வந்தாலும் பயணநேரம் ஏறக்குறைய இரட்டிக்கும். அதே ஒரு மில்லிசெக்கன் மனிதக் காலில் சில்லறைக் காசு. இறாலின் வாலில் பாதிச் சொத்து.

இரண்டாவது, இரு கலங்களின் பருமன். இதைத்தான் விடைகளில் காண்பதே அரிது. என் கணிப்பில் இதுவே வேகத்தை விடப் பெரிய அளவுகோல். மெல்லிய நரம்பு முனை ஒன்று தடித்த தசைநார் ஒன்றை எழுப்பவேண்டும் என்று வையுங்கள். முனையிலிருந்து வரக்கூடிய மின்னோட்டம் சிறிது. தசைநாரின் மென்சவ்வோ பரந்தது, எங்கும் கசிவு. வீட்டுக் குழாய்த் தண்ணீரை வயலுக்குத் திருப்பியது போல, வரம்பு நனைவதற்குள் எல்லாம் இறங்கிவிடும். இங்கே பெருக்கம் வேண்டும். பெருக்கம் பின்கலத்தின் சொந்த மின்கலத்திலிருந்துதான் வரமுடியும்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லலாம். குறி மாறவேண்டுமா: முன்கலம் எழும்போது பின்கலம் அடங்கவேண்டுமா? திசை: செய்தி ஒரு பக்கம் மட்டும் போகவேண்டுமா, இரு கலமும் ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்தியங்க வேண்டுமா? பழக்கம்: பயன்பாட்டைப் பொறுத்து இணைப்பு வலுக்கவோ மெலியவோ வேண்டுமா? இவற்றோடு செலவும் பழுதும் உண்டு. அவற்றை ஒவ்வொரு தெரிவின் கீழும் பார்க்கலாம், ஏனெனில் இரண்டின் செலவும் வெவ்வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

| அளவுகோல் | இரசாயன இணைப்பு | மின் இணைப்பு |
|---|---|---|
| இரு மென்சவ்வுகளுக்கு இடைவெளி | 20–40 நனோமீற்றர். நரம்பு–தசைச் சந்தியில் 50 வரை | 2–4 நனோமீற்றர், குழாய்களால் தொடுத்தது |
| தாமதம் | பொதுவாக 0.5–1 மில்லிசெக்கன், சிலவற்றில் இன்னும் கூட | 0.1 மில்லிசெக்கன் அளவு அல்லது அதற்குக் குறைவு |
| திசை | ஒருவழி | பெரும்பாலும் இருவழி. சில ஒருவழி |
| பெருக்கம் | உண்டு | இல்லை, எப்போதும் தேய்வு |
| குறிமாற்றம் | முடியும் | நேரடியாக முடியாது |
| குளிர் பட்டால் | தாமதம் வெகுவாக நீளும் | அதிகம் பாதிக்காது |
| வெளிக் கல்சியத்தை நீக்கினால் | நின்றுவிடும் | தொடரும் |
| ஒளிந்த செலவு | சேமிப்பு, துப்புரவு, நஞ்சுக்கு வாசல் | கசிவு, அயலாரின் இழுப்பு |

## இரசாயன இணைப்பு

கணத்தாக்கம் முனையை அடைந்ததும் அங்குள்ள கல்சியக் கால்வாய்கள் திறக்கின்றன. கலத்துக்கு வெளியே கல்சியம் உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் செறிவானது. திறந்த உடனே பாய்கிறது. ஏறக்குறைய 40 நனோமீற்றர் விட்டமுள்ள புடகங்கள் (கடத்தி நிரம்பிய சிறு பைகள்) முன்மென்சவ்வோடு ஒட்டி உடைந்து நரம்புக் கடத்தியைக் கொட்டுகின்றன. அது அக்கரையில் வாங்கிகளைப் பிடிக்க, அயன் கால்வாய்கள் திறக்கின்றன.

இங்கே பரவலான ஒரு தப்பெண்ணத்தைத் திருத்தவேண்டும். தாமதம் இடைவெளியைக் கடப்பதால் வருவதல்ல. 20 நனோமீற்றரைப் பரவலால் கடக்க ஒரு மைக்கிரோசெக்கன் அளவே பிடிக்கும். நேரத்தின் பெரும்பகுதி கல்சியக் கால்வாய்கள் திறக்கும்வரை காத்திருப்பதில் போகிறது. மீதி புடகம் உடைவதிலும் வாங்கி இயங்குவதிலும் போகிறது. பாதையில் ஆற்றைக் கடக்கும் நேரத்தைவிடப் பாதைக்காகக் காத்திருந்த நேரமே அதிகம் என்று பழைய கிண்ணியாக்காரர் சொல்வது போலத்தான். குளிர் இதை மந்தமாக்குவதும் இதனால்தான்: புரதங்கள் உருமாறும் படிகள் எல்லாம் வெப்பநிலைக்கு அடங்கியவை.

அந்தக் காத்திருப்புக்குக் கிடைக்கும் கூலி பெரிது. நரம்பு–தசைச் சந்தியில் ஒரு புடகத்தில் பல ஆயிரம் அசற்றைல்கோலின் மூலக்கூறுகள் உள்ளன. ஒரு வாங்கி திறந்தால் ஒரு மில்லிசெக்கனில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சோடியம் அயன்கள் உள்ளே போகும். ஒரு புடகம் தனியே தசைநாரின் அழுத்தத்தை அரை மில்லிவோல்ற்று அளவுக்கு அசைக்கும். ஒரு கணத்தாக்கம் இப்படிப் பல பத்துப் புடகங்களை ஒன்றாக உடைக்கிறது. வேண்டியதற்கு மேலாகவே அசைவு கிடைக்கிறது. இந்த மேலதிகம் வீண் அல்ல. களைப்பிலும் குளிரிலும் வெளியீடு குறைந்தாலும் தசை தவறாமல் இயங்குவது அந்தக் கையிருப்பால்தான்.

குறிமாற்றமும் இங்கே இலகு. அக்கரையில் எந்தக் கால்வாய் திறக்கிறது என்பதை வாங்கிதான் தீர்மானிக்கிறது, கடத்தி அல்ல. அதே அசற்றைல்கோலின் எலும்புத்தசையைச் சுருக்குகிறது, இதயத் துடிப்பை மெதுவாக்குகிறது. ஓட்டோ லூவி 1921இல் தவளை இதயத்தில் கண்டது இந்த இரண்டாவதைத்தான்: ஒரு இதயத்தின் அலையு நரம்பைத் தூண்டி, அது கிடந்த திரவத்தை இன்னோர் இதயத்தின் மேல் விட்டார், அதுவும் மெதுவாயிற்று. முழங்காலில் தட்டும்போது தொடையின் முன்தசை சுருங்க, பின்தசை அடங்கவேண்டும். அதற்காக இடையில் ஓர் அடக்கும் நரம்புக்கலம் இருக்கிறது. மின் இணைப்பை மட்டும் வைத்து அந்த வேலையைச் செய்விக்க முடியாது.

வெளியீட்டை ஏற்றி இறக்குவதும் இலகு, ஏனெனில் கல்சியத்தோடு அதற்குள்ள உறவு நேர்கோடு அல்ல. நரம்பு–தசைச் சந்தியில் புடக வெளியீடு கல்சியச் செறிவின் நான்காம் அடுக்கைப் போல் ஏறுகிறது என்று டொட்ஜும் ரஹமிமொஃபும் 1967இல் காட்டினார்கள். கல்சியத்தைப் பாதியாக்கினால் வெளியீடு பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது. முந்திய கணத்தாக்கத்தில் உள்ளே வந்து மிஞ்சிய சிறிது கல்சியமே அடுத்த வெளியீட்டைக் கூட்டிவிடும். கற்றலும் நினைவும் இரசாயன இணைப்பைப் பெரிதும் நம்பியிருப்பதற்கு, சிறிய மாற்றத்துக்குப் பெரிய பலன் தரும் இந்தத் தன்மையும் ஒரு காரணம்.

### ஒளிந்த செலவு

கொட்டியதை அள்ளவேண்டும். அசற்றைல்கோலினை நொதியம் உடைக்கிறது. குளுத்தமேற்று என்ற இன்னொரு கடத்தியை, நரம்புக்கலங்களைச் சுற்றியுள்ள துணைக்கலங்களான கிளையாக் கலங்கள் உறிஞ்சுகின்றன. புடக மென்சவ்வை மீட்டு, மறுபடி நிரப்பவேண்டும். எல்லாவற்றுக்கும் கலத்தின் சக்திப் பொருளான ஏ.ரி.பி. வேண்டும், அதை ஆக்கும் இழைமணிகள் நரம்பு முனைகளில் நெருங்கிக் கிடப்பது சும்மா அல்ல. விரைவாகத் திரும்பத் திரும்பத் தூண்டினால் ஆயத்தமான புடகங்கள் தீர்ந்து சைகை மெலியும்.

அதைவிடப் பெரிய செலவு, ஒவ்வொரு படியும் நஞ்சுக்கு ஒரு வாசல். நம் மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேடி அலையத் தேவையில்லை. தரையில் பாய் விரித்துப் படுப்பவரை இரவில் கடிக்கும் கண்டங்கருவழலையின் விடம் நரம்பு முனையையே, அதாவது முன்பக்கத்தைச் சிதைக்கிறது. புடகங்கள் தீர்ந்து, முனை பழுதாகிவிட்டால் விடமுறிவு மருந்து கொடுத்தாலும் உடனே திரும்பாது. முனை புதிதாக வளரும்வரை செயற்கைச் சுவாசத்தில் நாட்கணக்காக வைத்திருக்க நேரும். கடிகாயம் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. பலருக்குக் காலையில் இமை தொங்கும்போதுதான் தெரியவரும். சந்தேகம் என்றாலே ஆசுப்பத்திரிக்குப் போய்விடவேண்டும். நாகத்தின் நரம்பு நஞ்சோ பின்பக்கத்தில் வாங்கியை அடைக்கிறது. ஒரே வாதம், இரு வேறு வாசல். அசற்றைல்கோலினைத் தேங்கவைக்கும் நியோஸ்ரிக்மின் இரண்டாவதில் உதவக்கூடும். முதலாவதில் பயனில்லை, ஏனெனில் தேங்குவதற்கு அங்கே அசற்றைல்கோலினே வரவில்லை.

வயலுக்கு அடிக்கும் ஓகனோபொஸ்பரசுப் பூச்சிகொல்லிகள் மூன்றாவது வாசலால் நுழைகின்றன: அள்ளும் நொதியத்தை முடக்குகின்றன. எச்சிலும் வியர்வையும் ஊற்ற, கண்மணி சுருங்க, தசை துடிக்கும். அற்றோபின் இதயத்திலும் சுரப்பிகளிலும் உள்ள வாங்கிகளைத்தான் மறைக்கும். தசையில் உள்ளவற்றைத் தொடாது. அதனால்தான் முதல்நாள் நெருக்கடி தணிந்தபின், ஒன்று முதல் நாலு நாட்களுக்குள் கழுத்தும் சுவாசத்தசையும் சோரும் இடைநிலை நோய்க்குறி சிலருக்கு வருகிறது. அதை 1987இல் உலகுக்கு விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனாநாயக்கவும் கரல்லியத்தவும்.

## மின் இணைப்பு

இங்கே பொறி எளிது. ஆறு கொனெக்சின் புரதங்கள் சேர்ந்து ஒரு அரைக்குழாய். எதிர்க்கலத்தின் அரைக்குழாயோடு முட்டவைத்தால் ஒரு முழுக்குழாய். உள்விட்டம் ஏறக்குறைய ஒன்றரை நனோமீற்றர். அயன்களோடு, 1000 டால்ற்றன் அளவுக்கு உட்பட்ட சிறு மூலக்கூறுகளும் நழுவிச் செல்லும். முலையூட்டிகளின் நரம்புக்கலங்களில் முக்கியமானது கொனெக்சின்-36. பூச்சி, இறால், கணவாய் போன்றவற்றில் அதே வேலையை இனெக்சின் என்ற வேறு புரதக் குடும்பம் செய்கிறது.

எவ்வளவு சைகை கடக்கும் என்பதை ஒரு பின்னத்தால் கணக்கிடலாம். சந்தியின் கடத்துதிறனை, சந்தியும் பின்கல மென்சவ்வும் சேர்ந்த கடத்துதிறனால் வகுக்கவேண்டும். சந்தி 1 நனோசீமன் (கடத்துதிறனின் அலகு), பின்கலம் 9 நனோசீமன் என்றால் 1/10. முன்கலத்தில் 20 மில்லிவோல்ற்று அசைவு பின்கலத்தில் 2 ஆகத் தெரியும். பின்கலம் பெரிதாகி 99 நனோசீமன் ஆனால் 0.2 தான். பருமன் அளவுகோல் எவ்வளவு கடுமையானது என்பதை இந்தக் கணக்கில் பார்க்கலாம்.

அதிலும் கூர்மையான கணத்தாக்கம் இன்னும் மோசமாகத் தேயும். பின்கலத்தின் மென்சவ்வு ஒரு கொள்ளளவி போல் முதலில் நிரம்பவேண்டும். ஒரு மில்லிசெக்கனில் வந்துபோகும் அசைவு அது நிரம்புமுன் போய்விடும். மெதுவான அசைவுகள் நன்றாகக் கடக்கும். ஆகவே ‘மின் இணைப்பு வேகமானது’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஆனால் மெதுவான சைகையையே விரும்பிக் கடத்தும்’ என்றும் எழுதவேண்டும். முரண் போலத் தோன்றினாலும் இரண்டும் உண்மை: தொடங்கத் தாமதம் இல்லை, உயரம் ஏறத்தான் நேரம் வேண்டும்.

இருவழி என்பது பொது விதி, முழு விதி அல்ல. மின் இணைப்பு உண்டென்று கிறேபிசு என்ற நன்னீர்ச் சிங்கி இறாலில் முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் ஃபேர்ஷ்பனும் பொட்டரும். 1957இல் சுருக்கமாகவும் 1959இல் விரிவாகவும் எழுதினார்கள். அவர்கள் கண்ட அந்த இணைப்பே ஒருவழியானது! அதற்குச் சற்றுமுன், 1951 அளவில்தான், எல்லாம் மின்சாரமே என்று நெடுநாள் வாதாடிய ஜோன் எக்கிள்ஸ் தன் சொந்தப் பதிவுகளைப் பார்த்து இரசாயனப் பக்கம் சாய்ந்திருந்தார். ஒரு கட்சி தோற்றுப்போன சூட்டிலேயே அதன் சாட்சி வந்து சேர்ந்தது.

### ஒளிந்த செலவு

ஏ.ரி.பி. செலவு இங்கே குறைவு. வேறு விதத்தில் கட்டணம் கட்டவேண்டும்: கசிவு. ஒரு கலத்துக்குச் சொந்தக் கடத்துதிறன் 9 நனோசீமன் என்று வைத்து, சும்மா இருக்கும் ஒன்பது அயற்கலங்களோடு தலா 1 நனோசீமன் வீதம் இணைத்தால், அதன் மொத்தம் ஏறக்குறைய இரட்டிக்கும். அதற்கு வரும் எந்த வரவும் பாதியளவே அசைக்கும். அயலார் உறங்கினால் நீங்களும் உறங்கவேண்டும். அயலார் எல்லோரும் சேர்ந்து எழுந்தால் தனித்திருக்கவும் முடியாது; வலிப்பில் கலங்கள் கூட்டாகத் துடிப்பதற்கு இந்த இழுப்பும் துணைபோகும்.

பழுது பரவுவதும் உண்டு, ஆனால் தடுப்பும் உண்டு. காயப்பட்ட கலத்தில் கல்சியம் ஏறினாலோ அமிலத்தன்மை கூடினாலோ குழாய்கள் தாமே மூடிக்கொள்கின்றன. இதயத்தசையில் ஒரு துண்டு இறந்தால் பக்கத்துக் கலங்கள் தங்கள் கதவைச் சாத்துவது இப்படித்தான்.

நஞ்சுக்கு வாசல் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நம் வன்னியிலும் கிழக்கிலும் முந்திய தலைமுறை கைப்போடு விழுங்கிய குயினைனும், பிந்தி வந்த மெஃப்ளோக்குவினும் மலேரியா மருந்துகள்; ஆய்வுகூடத்தில் கொனெக்சின்-36 குழாயை அடைப்பவை. இலங்கை மலேரியா அற்ற நாடாக 2016இல் சான்று பெற்றுவிட்டது. அந்த மருந்துகள் இன்று நரம்பு ஆய்வுகூடங்களில் மின் இணைப்பை மறிக்கும் கருவியாகப் பயன்படுகின்றன.

‘மின் இணைப்பு மாறாது, பழகாது’ என்று பழைய குறிப்புகளில் இருந்தால் வெட்டிவிடுங்கள். விழித்திரையின் கிடைக்கலங்கள் மங்கிய வெளிச்சத்தில் அகலமாகத் தொடுத்திருக்கும். வெளிச்சம் கூடும்போது டொப்பமின் என்ற கடத்தி அந்தத் தொடுப்பை இறுக்கிக் குறைக்கிறது. இரசாயன இணைப்பு அளவுக்கு இல்லை, ஆனால் மாறும்.

## எந்த நிலைமைக்கு எது

என் விதி இது: ஐயம் என்றால் இரசாயனம். மின் இணைப்பைத் தெரிய மூன்று நிபந்தனை சேர்ந்து வரவேண்டும்: இரு கலமும் ஒத்த பருமன் (அல்லது முன்கலம் பெரிது), குறி மாறவேண்டியதில்லை, காலம் நெருக்கியது அல்லது ஒரே கணத்தில் எல்லோரும் எழவேண்டியது. இந்த விதியை உண்மை விலங்குகளில் உரசிப் பார்க்கலாம்.

தப்பியோடும் இறால் வகை. கிறேபிசின் வாலில் நீரசைவை உணரும் நரம்புகள் இராட்சத நாரை மின் இணைப்பால் தொடுகின்றன. துண்டத்துக்குத் துண்டம் இராட்சத நார் மின் இணைப்பாலேயே தொடர்கிறது. அதிலிருந்து பெரிய இயக்க நரம்புக்கும் மின் இணைப்பே. பிந்திய இரு படிகளிலும் தடித்த முன்கலம், நெருக்கிய காலம், ஒரே குறி, மூன்றும் பொருந்துகின்றன. ஆனால் இயக்க நரம்பிலிருந்து வால் தசைக்குப் போகும் கடைசிப் படி இரசாயனம். உயிர் போகும் அவசரத்திலும் அந்தப் படியில் மட்டும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறது, ஏனெனில் தசையை எழுப்பப் பெருக்கம் இல்லாமல் ஆகாது.

ஊசிக்கணவாய். இதுவும் தப்பியோடும் விலங்கு. ஆகவே மின் இணைப்பு என்று எழுதத் தோன்றும். அதன் புகழ்பெற்ற இராட்சத இணைப்பு இரசாயனமானது. இரசாயனக் கடத்தலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அதிலிருந்தே வந்தது. வேகத்தை ஊசிக்கணவாய் வேறு வழியில் வாங்குகிறது: பல கலங்களின் நார்களை ஒன்றாக உருக்கி ஒரே தடித்த நாராக்கிக்கொள்கிறது. பாதையும் வேண்டாம், பாலமும் வேண்டாம், ஆற்றையே தூர்த்துவிடு என்பது போல.

கடல்முயலின் மை. அப்ளிசியா என்னும் கடல்முயல் மெல்லத் தூண்டினால் மையை விடுவதில்லை; தூண்டல் பலத்து நீடித்தால் ஒரேயடியாக விடும். மைச்சுரப்பியை இயக்கும் மூன்று நரம்புக்கலங்கள் மின் இணைப்பால் தொடுத்திருக்கின்றன. மேலே சொன்ன கசிவு இங்கே குறை அல்ல, வேலையே அதுதான்: மெல்லிய தூண்டல் மூன்றுக்கும் பிரிந்து கசிந்துபோகிறது, ஒருவரும் எழுவதில்லை. பலத்த தூண்டல் நீடித்தால் ஒருவர் எழ, மற்ற இருவரையும் இழுக்கிறார். வினாவில் ‘முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது’ என்ற சாயல் இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மங்கிய வெளிச்சம். விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோற்கலங்களின் சைகையைச் சுமக்கும், அமக்கிரீன் என்ற இடைநரம்புக்கலங்கள் தமக்குள் மின் இணைப்பால் கலந்து சராசரியாக்குகின்றன. தனித்தனியான இரைச்சல் ஒன்றையொன்று தணிக்க, பொதுவான சைகை மிஞ்சும். விலையாக நுணுக்கம் மங்கும்.

ஏறி இறங்கவேண்டிய எதுவும், கற்றல், பழகுதல், பல வரவைக் கூட்டிக் கழித்து முடிவெடுத்தல், இரசாயனம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

## பதிவைப் பார்த்து முடிவுசெய்யக் கேட்டால்

வரைபு தந்து இணைப்பின் வகையைக் கேட்பது இன்னொரு வடிவம். முதல் சோதனையாகப் பலரும் தாமதத்தைப் பார்ப்பார்கள். அதை நம்பலாம், முழுதாக அல்ல. 3 மில்லிசெக்கன் தாமதம் ஒரே இரசாயன இணைப்பாகவும் இருக்கலாம், இடையில் இன்னொரு கலம் நின்று இரண்டு படியாகவும் இருக்கலாம். கணத்தாக்கம் நாரில் ஓடிய நேரத்தைக் கழிக்காமல் தாமதம் பேசுவது இன்னொரு வழக்கமான பிழை.

திண்ணமான சோதனை, முன்கலத்தை மேலும் எதிராக்குவது. மின்வாய் வழியே எதிர் மின்னோட்டம் செலுத்தி அதை மிகைமுனைவாக்கினால், பின்கலமும் எதிராகச் சரிந்தால் மின் இணைப்பு. இரசாயன முனையில் எதிர்ச்சரிவு கல்சியக் கால்வாயைத் திறக்காது, கடத்தி வராது. ஒருவழி மின் இணைப்பு இந்தச் சோதனையில் ஏமாற்றும் என்பதால் மறுபக்கத்திலிருந்தும் செய்துபார்க்கவேண்டும்.

அடுத்தது கல்சியம். வெளிக் கரைசலில் கல்சியத்தைக் குறைத்து மகனீசியத்தைக் கூட்டினாலோ, சிறிது கட்மியம் விட்டாலோ இரசாயனச் சைகை மறையும், மின் சைகை நிற்கும். கல்சியத்தை முற்றாக எடுப்பதைவிட மகனீசியத்தால் ஈடுசெய்வது நல்லது. வெறுமனே எடுத்தால் நரம்புக்கலங்கள் தாமாகவே துடிக்கத் தொடங்கிப் பதிவைக் குழப்பும்.

பேத்தை மீனின் நஞ்சான ரெற்றுரோடொட்சின் இங்கே பலரைத் தவறாக நடத்துகிறது. அது சோடியக் கால்வாயை அடைத்துக் கணத்தாக்கத்தை நிறுத்தும்; ஆகவே சைகை நின்றால் இரசாயனம் என்று எழுதிவிடுகிறார்கள். நஞ்சு இருக்கும்போதும் நரம்பு முனையை நேரடியாக மின்னால் எழுப்பினால் கடத்தி வெளிவரும் என்று காற்ஸும் மிலெடியும் 1960களில் ஊசிக்கணவாயிலேயே காட்டிவிட்டார்கள். அந்த நஞ்சு கம்பியைத்தான் வெட்டுகிறது, இணைப்பை அல்ல.

சாயம் விடுவது கண்ணுக்குத் தெரியும் சான்று. சிறிய மூலக்கூறான நியூரோபயற்றினை ஒரு கலத்தில் விட்டால் மின் இணைப்புள்ள அயற்கலமும் நிறமேறும். அதைவிடப் பெரிய, எதிரேற்றமுள்ள லூசிபர் மஞ்சள் கொனெக்சின்-36 குழாயில் எளிதில் நுழையாது. லூசிபர் கடக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ‘மின் இணைப்பு இல்லை’ என்று முடிப்பது அவசரம்.

கடைசியாக, வினாவில் பொன்மீனின் மௌத்னர் கலம் (மீனைத் தப்பியோட வைக்கும் பெரிய நரம்புக்கலம்) வந்தால் கவனம். காதிலிருந்து வரும் நரம்பு முனைகள் அந்தக் கலத்தைத் தொடும் இடத்தில் குழாய்களும் உண்டு, புடகங்களும் உண்டு. ஒரே தூண்டலுக்குப் பதிவில் இரண்டு மேடு தெரியும்: தாமதமின்றி எழும் குறுகிய மேடு ஒன்று, அதன் முதுகிலேயே அகன்ற மேடு இன்னொன்று. கல்சியத்தை மறித்தால் இரண்டாவது கரைய, முதலாவது நிற்கும். அப்படியான வரைபுக்கு ‘மின் இணைப்பு’ என்று எழுதினாலும் ‘இரசாயன இணைப்பு’ என்று எழுதினாலும் பாதிப் புள்ளிதான். இரண்டும் உண்டு என்று எழுதி, எந்த மேடு எதனுடையது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.